மூன்று விரல்களும் சுட்ட கணவாயும்

அண்ணை கப்பலால் திரும்பி வந்தபோது அவருடைய வலக்கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மற்ற இரண்டையும் ஒரு கொரிய மீன்பிடிக் கப்பலின் இழுவைக் கயிறு எங்கோ ஒரு கடலில் எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்து அழுதார். எங்கள் தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. மயிலிட்டிக் கடலில் வாழ்நாள் முழுக்க வலை இழுத்தவர் அவர். கயிறு பிடிக்க எத்தனை விரல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சில நாட்கள் கழித்து, அண்ணைக்குக் கேட்கட்டும் என்றே, "இனி வாடியிலை இருந்து வலைக்குக் காவல் பாக்கட்டும்" என்றார்.

கரையில் வலைகள் வைக்கிற கிடுகுக் கொட்டிலைத்தான் வாடி என்போம். அங்கே காவல் இருப்பவர்கள் வயது போனவர்கள். அண்ணைக்கு இன்னும் முப்பது ஆகவில்லை.

அவர் நான்காம் வகுப்போடு கடலுக்குப் போனவர். நான் உயர்தரம் வரை படித்தேன். எங்கள் பரம்பரையில் ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. அதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் அதற்காகத் தலை குனிந்ததில்லை. நன்றாகப் படித்தேன்.

கப்பலின் கப்டன் அண்ணையை அனுப்பும்போது ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். சமையற்காரர் வயதாகி ஊருக்குப் போகப் போகிறார். ஆவணியில் கப்பல் திருத்த வேலைக்காகக் கொழும்புக்கு வரும். அப்போது வந்து குசினியில் ஒரு நாள் சமைத்துக் காட்ட வேண்டும். சோறும் கஞ்சியும் யாரும் வைப்பார்கள். கணவாய் மீனில் சிவப்பு விழுதைப் பூசி நெருப்பில் சுடுவார்களே, அது வேண்டும். ஆட்கள் சாப்பிட்டால் குசினி அண்ணைக்கு. சாப்பிடாவிட்டால் வாடி.

"அதை நீங்கள் சமைப்பியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டனான்."

"சமைப்பியளோ எண்டு கேட்டனான்."

"நாலு வருசம் சாப்பிட்டனான். சுடுறதைப் பாத்தனான்."

"பாத்ததும் சமைச்சதும் ஒண்டோ?"

"இல்லைத்தான். அதுக்குத்தானே உன்னைப் படிப்பிச்சது" என்றார்.

"போன வருசம் ஆடியிலை தமிழரைக் கொளுத்தினதுக்குப் பிறகும் ஆரும் கொழும்புக்குப் போவினமோ?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கத்தினார். அண்ணை தன் பையைத் திறந்து, வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றை வெளியே எடுத்தார். அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய சமையற்காரர் பிரியும்போது கொடுத்தது. அந்த விழுது வடக்கு மாகாணத்தில் எந்தக் கடையிலும் இருக்காது. நாங்களே செய்ய வேண்டும்.

ஐயா போத்தலை வாங்கி என்னிடம் நீட்டினார். "எடி பிள்ளை, உதிலை என்ன போட்டிருக்கெண்டு வாசி."

எங்கள் வீட்டில் எதையும் வாசிப்பவள் நான்தான். அரசாங்கக் கச்சேரிக் கடிதம், மருந்துப் போத்தல், கலண்டரில் இராகுகாலம், எல்லாம் என் வாயால்தான் கேட்பார்கள். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வட்டங்கள், தடிகள், குறுக்குக் கோடுகள். இரண்டு மூன்று சேர்ந்து ஒரு சதுரத்துக்குள் குடியிருந்தன.

"தெரியாது ஐயா" என்றேன்.

"அப்ப நீ வாசிக்காததும் உலகத்திலை இருக்கு" என்று ஐயா சிரித்தார். அண்ணை வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நெடுநேரம் அந்த எழுத்துக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் கொரியா ஒரு பெருவிரல் அளவு. நெல் விளையும், குளிர் அதிகம் என்று எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அங்கே ஒருத்தி அடுப்படியில் நின்று இந்த வட்டங்களையும் தடிகளையும், நான் தேயிலைப் பெட்டியை வாசிப்பதுபோல, சும்மா வாசித்துவிட்டுப் போவாள். மூடியைத் திறந்தேன். உலகப்படத்துக்கு முதல் தடவையாக ஒரு மணம் வந்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"கொடியேறியிருக்கு. உதுக்குள்ளை என்ன மச்சம் கலந்து கிடக்கோ ஆர் கண்டது?"

அது சரிதான். எங்கள் அம்மன் கோயிலில் முதல் நாள்தான் கொடியேறியிருந்தது. கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை ஊரில் எந்த வீட்டு அடுப்பிலும் மீன் ஏறாது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பிடித்ததை லொறிக்கு விற்பார்கள். நானும் விரதம் பிடித்திருந்தேன். அண்ணைக்குத் தெரிந்தமட்டில் விழுது ஏதோ ஓர் அவரையில் செய்வது. மீன் கலக்கிறார்களா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. எழுதியிருப்பதை வாசிக்க எனக்கும் தெரியாது. எனவே சுவையை அண்ணை சொல்லவேண்டும். நான் மணந்து பார்த்துச் செய்யவேண்டும். தேர், தீர்த்தம் முடிந்த மறுநாள் அவருக்கு இரயில்.

சமையலை வாடிக்குக் கொண்டுபோனோம். அம்மா சட்டம் போட்டார். "கணவாயை அவன் தொடட்டும். நீ தொட்டிட்டுக் கோயில் வாசலிலை கால் வைக்காதை." விழுதும் நெருப்பும் எனக்கு. கணவாய் அண்ணைக்கு. துணி அழுத்தும் பெட்டிக்கு வைத்திருந்த சிரட்டைக் கரியைக் கொண்டுபோய் மண்ணில் குழி பறித்து மூட்டினேன். உடைந்த நண்டுக் கூட்டிலிருந்து கம்பிவலையைப் பிரித்து மேலே வைத்தோம்.

முதல் நாள் நான் செய்தது, எங்கள் ஊரில் பிறந்த எவளும் செய்யக்கூடிய பிழை. கை தன்பாட்டில் வீட்டுத் தூளை அள்ளியது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் மிளகாயோடு வறுத்து இடித்த தூள். அதில் சீனியும் உள்ளிப்பூண்டும் சேர்த்துக் குழைத்துக் கொடுத்தேன். சீனி கருகிப் புகைந்தது. கணவாய் நெருப்புப் பட்டதும் மூடிய கைபோலச் சுருண்டுகொண்டது. அண்ணை ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"என்ன?"

"கண்ணை மூடினா மயிலிட்டியிலை நிக்கிறன். நான் கப்பலிலை நிக்கவேணும் தங்கச்சி."

ஆய்வுகூடத்தில் ஒரு பழக்கம் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதையே வாடியில் செய்தேன். தூளை விட்டு, விதை உதறிய செத்தல் மிளகாயை மட்டும் அரைத்தேன். அடுத்த நாள் சீனிக்குப் பதில் பனங்கட்டி. கணவாய் சுருளாமல் இருக்க நீளவாக்கில் ஈர்க்குக் குத்தச் சொன்னேன். விழுதை முதலில் பூசாமல், கணவாய் பாதி வெந்த பிறகு மெல்லிசாகப் பூசி, திருப்பி, மறுபடி பூசினோம். கருகல் நின்றது. நிறம் போத்தலின் நிறத்துக்கு வந்தது.

அந்த நாட்களில் நான் வியந்தது அண்ணையின் நாக்கைத்தான். நாலாம் வகுப்போடு நின்ற அந்த மனிதரின் வாய்க்குள் எங்கள் ஆய்வுகூடத்துத் தராசை விட நுட்பமான ஒன்று இருந்தது. பனங்கட்டி ஒரு கிள்ளு கூடினால் சொன்னார். உள்ளி முளைவிட்டதென்றால் சொன்னார். ஆனால் ஒவ்வொரு நாளும் கடைசியில் தலையை ஆட்டினார்.

"மேலை சரி. அடியிலை ஒண்டுமில்லை."

"அடி எண்டால் என்ன அண்ணை?"

"உறைப்பு வந்திட்டுப் போகும். போனாப் பிறகு ஒண்டு நிக்கும். அது இல்லை."

கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவாகப் போய்க்கொண்டிருந்தது. நாதஸ்வரம் வாடிவரை கேட்கும். ஐயா வள்ளத்தால் இறங்கும்போது இரண்டு மூன்று கணவாயைக் கரியருகே போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார். கணவாயை லொறிக்காரரிடம் கொடுக்காமல் எடுத்துவைக்கிறார் என்பதை நாங்களும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் போத்தலை வெயிலில் மறந்து வைத்துவிட்டேன். எடுத்து மூடியைத் திறந்ததும் சூடான மணம் முகத்தில் அடித்தது. மிளகாய் மணம் முதலில் பறந்துபோயிற்று. அதன் கீழிருந்து வேறொன்று எழுந்தது. எனக்கு அது தெரியும். எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. கண்ணை மூடினேன். ஓர் இருட்டறை, புதுப்பாய், வாசலில் வேப்பிலை. நான் பெரியபிள்ளையான நாட்கள். அம்மா வறுத்த உழுத்தம்மாவில் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி, எண்ணெய் வழிய வழியக் களி ஊட்டினார். "இடுப்புக்குப் பலம், விழுங்கு" என்று அதட்டிய குரல்கூடக் கேட்டது.

போத்தலை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி மணந்தேன். உலகப்படத்தின் மறுகோடியில் இருப்பவர்களின் கணவாய் விழுதுக்கு அடியில், என் பதின்மூன்றாம் வயதின் களி இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, உழுந்து வறுத்துத் தாங்கோ. களிக்கு வறுக்கிற மாதிரி."

"ஆரடி பெரியபிள்ளையானது?"

"அண்ணைக்கு."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குமருகளுக்குக் குடுக்கிற களியைக் கொண்டுபோய்க் கப்பல்காரருக்குக் குடுக்கப் போறியளோ? அவங்களுக்கும் இடுப்பு நோகுதாமோ?" சிரித்துக்கொண்டே சட்டியை அடுப்பில் வைத்தார். அவர் வறுத்த பதம் எனக்கு வராது. நான் இடித்தேன், அரித்தேன். உழுத்தம்மாவும் கொஞ்சம் அரிசிமாவும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அரைத்த மிளகாயும் பனங்கட்டியும் உப்பும் கலந்தேன். இதில் மச்சம் இல்லையென்பதால் நானே நக்கிப் பார்த்தேன். கிட்ட வந்துவிட்டது. ஆனால் பச்சையாக இருந்தது. நேற்றுப் பிறந்தது என்று தெரிந்தது.

புளிக்க வேண்டும். தயிருக்கு உறை விடுவதுபோல, போத்தலில் மிச்சமிருந்த பழைய விழுதை இதில் கலந்தால் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் இதிலும் பெருகும். படித்தது கைகொடுத்தது. ஆனால் கலந்துவிட்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒரு துளியும் இருக்காது. பழுதானால் எல்லாம் பழுது.

அண்ணையிடம் சொன்னேன். போத்தலை மூன்று விரலால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் மிச்சம் வைக்கேலாதோ?"

"வைக்கலாம். பிறகு உறை காணாது, புளிக்காது."

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் போடச் சொல்லுறன்."

போத்தலை என்னிடம் நீட்டினார். "போடு" என்றார்.

போத்தலின் வாயைத் துணியால் கட்டி, வாடிக் கூரையில் வெயில் படும் இடத்தில் வைத்தோம். மாலையில் இறக்கிக் கிண்டினேன். இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் கண்ணாடியோரம் ஒரு சிறு குமிழி மேலே வந்தது. நான் பார்க்கப் பார்க்க இன்னொன்று. கோயிலில் வசந்தமண்டபப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் மணலில் முழங்காலிட்டு, கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தேன். கொரியாவில் பிறந்த, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, அத்தனை கடலையும் கடந்து வந்து, எங்கள் உழுந்தைத் தின்று மூச்சு விடுகிறது. பாடப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் வாசித்து, கோடு போட்டு, மனப்பாடம் செய்தவள் நான். அன்றுதான் அதை நம்பினேன். கும்பிடத் தோன்றியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கும்பிட்டும் விட்டேன்.

விழுது அப்படி. வெட்டுதான் வரவில்லை. கணவாயின் சதையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும், சுட்ட பிறகு மோதிரம் மோதிரமாக நறுக்க வேண்டும். பிடியைச் சுற்றி இறுக்க விரல் இல்லாததால் கத்தி வழுக்கியது. இடக்கையால் முயன்றார், கோணியது.

"அவங்கள் கத்தியாலை வெட்டுறேல்லை" என்றார் ஒரு நாள். "கத்தரிக்கோலாலை வெட்டுவாங்கள். நெருப்பிலை கிடக்கவே வெட்டுவாங்கள்."

வீட்டில் கத்தரிக்கோல் ஒன்றுதான். அம்மா துணி வெட்டும் கத்தரிக்கோல். ஊர்ப் பெண்களின் சட்டையெல்லாம் அதனால்தான் வெட்டுப்படும். அதில் ஒரு கடுதாசித் துண்டைக்கூட வெட்ட விடமாட்டார். கேட்டதும் கொதித்தார்.

"கத்தரிக்கோலாலை கணவாயோ? அதுவும் கொடியேறிக் கிடக்கேக்கை? நாளைக்கு என்ரை தையல் மிசினிலை மீன் பொரிக்கக் கேப்பியள்!"

தேருக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா வாடிப்பக்கம் வந்தார். அண்ணைக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்ததாகச் சொன்னார். அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து கீறிக்கொண்டிருந்தார். கத்தி மணலில் விழுந்தது. எடுத்துத் துடைத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார். அம்மா தேத்தண்ணீர் மூக்குப்பேணியை மணலில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தபோது கையில் துணியில் சுற்றிய கத்தரிக்கோல். அதை வலைக் குவியலின் மேல் வைத்தார்.

"இனி எனக்கு உது வேண்டாம். மச்சம் பட்டிட்டுது."

அதில் இன்னும் எதுவும் பட்டிருக்கவில்லை.

அண்ணை பெருவிரலை ஒரு வளையத்திலும் மற்ற இரண்டையும் மறு வளையத்திலும் நுழைத்தார். கத்தரிக்கோலுக்கு மூன்று விரல் போதும். நான் அதுவரை அதைக் கவனித்ததேயில்லை. அலகைத் திறந்து மூடினார். கிறிச் கிறிச் என்று காற்றை வெட்டினார். பிறகு கணவாயை எடுத்தார். வெள்ளைச் சதையில் வரிசை வரிசையாக அலகின் நுனியால் கீறல் விழுந்தது. அம்மா பாராததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், கடைசிக் கீறல்வரைக்கும்.

தீர்த்தத்தன்று மத்தியானம் கொடியிறங்கி, நான் விரதம் முடித்து, நால்வரும் வாடியில் கூடினோம். போத்தலைத் திறந்தேன். களியின் இனிப்பு மணம் உள்ளே போய், ஆழமான, கொஞ்சம் புளித்த, வயதான மணமாக மாறியிருந்தது. உள்ளியும் நல்லெண்ணெயும் விட்டுக் குழைத்தேன். கணவாய் கம்பிவலையில் படுத்ததும் கீறல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு பூ மலர்வதை இவ்வளவு வேகமாக நான் கண்டதில்லை. அண்ணை பூசினார், திருப்பினார், பூசினார். நெருப்பிலிருந்தபடியே கத்தரிக்கோலால் நறுக்கினார். மேலே எள்ளைத் தூவினேன்.

முதல் துண்டை அவர் வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். அதன் பிறகும் காத்திருந்தார்.

"நிக்குது" என்றார். "அடியிலை நிக்குது."

எழுந்து போய்க் கடல் தண்ணீரில் முகம் கழுவினார்.

நான் ஒரு துண்டை எடுத்தேன். இத்தனை நாள் மூக்காலேயே தெரிந்துவைத்திருந்ததை முதல் தடவையாக வாயில் வைத்தேன். முதலில் புகை. பிறகு பனங்கட்டி. பிறகு உறைப்பு. அது எங்கள் உறைப்பைப்போலப் பாய்ந்து அடிக்கவில்லை, மெல்ல வந்து உட்கார்ந்தது. அது போன பின், எல்லாவற்றுக்கும் கீழே, பழையதும் இருண்டதுமான ஒரு சுவை நின்றது. அதை என் கையால் செய்தேன் என்பதை நம்ப முடியவில்லை. பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"மீனுக்கு ஆர் பனங்கட்டி போட்டது?" என்றார் ஐயா. "உறைப்பும் காணாது." சொல்லிவிட்டு மூன்றாவது துண்டை எடுத்தார்.

மறுநாள் காங்கேசன்துறையில் அண்ணையை இரயில் ஏற்றினோம். போத்தலை உடுக்கும் சாரத்தில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். கத்தரிக்கோலை அம்மா தானே தன் கையால் வைத்தார். பிறகு அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை. இரயில் வரும் நேரமெல்லாம் அம்மா வேலிப் படலையடியில் நின்றார். ஐயா வானொலிச் செய்தியை அணைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஒரு காலை படலை திறந்தது. அண்ணை உள்ளே வராமல் நின்றபடி, மூன்று விரலால் வெறும் போத்தலை உயர்த்திக் காட்டினார்.

"கப்டன் என்ன சொன்னவர்?" என்று கத்தினேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. போத்தலுக்குள்ளை விரலை விட்டு வழிச்சவர்."

"என்ரை கத்தரிக்கோல் எங்கை?" என்றார் அம்மா.

"கப்பல் குசினியிலை தொங்குதம்மா. என்ரை ஆணியிலை."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உடுப்புகளை எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். கப்பல் அடுத்த கிழமை புறப்படுகிறது. சாப்பிடும்போது எனக்கென்று ஒரு செய்தி சொன்னார். போத்தலில் எழுதியிருந்ததை அங்கே கேட்டு வந்திருந்தார். மிளகாய், அரிசி, சோயா அவரை, உப்பு. மச்சம் கிடையாது.

"அப்ப நீ முதல்நாளே நக்கிப் பாத்திருக்கலாம்" என்றார் அம்மா, என் கையைத் தட்டிவிட்டதே தான் இல்லை என்பதுபோல.

நான் போத்தலை வாங்கிப் பார்த்தேன். வெறும் போத்தல் இல்லை. அடியில் ஒரு பூச்சு விட்டுவைத்திருந்தார். கப்டன் வழித்ததற்கு மேல் வழிக்கவிடாமல் பறித்துக்கொண்டாராம். உறைக்கு.

ஐயா கை கழுவிவிட்டு அண்ணையின் பக்கத்தில் வந்து குந்தினார். அந்த வலக்கையை முதல் தடவையாகத் தன் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எத்தினை மாதம் கடலிலை நிப்பாய்?"

"பத்து மாதம் ஐயா."

"அப்ப ஒரு போத்தல் காணாது" என்றார் ஐயா. அம்மா அதற்குள் உழுந்துச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டிருந்தார்.